பதினெட்டாம் தேதிப் பக்கம்

முனிர்கா, புது டெல்லி
17 டிசம்பர் 2025, புதன்கிழமை

பேரன்புள்ள பெனிட்டா அத்தைக்கு,

அண்ணன் மகள் ஜெனி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். எல்லாரும் என்றால் நான் ஒருத்திதான். அங்கே நீங்களும் மாமாவும், பக்கத்து வீட்டில் அப்பாவும் அம்மாவும் சுகமாயிருப்பீர்கள் என்று விசுவாசிக்கிறேன். போன் இருக்க இவள் ஏன் பேனாவைத் தூக்கினாள் என்று கேட்பீர்கள். நம் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் கிடக்கிறது. நான் உங்களிடம் தும்மினால் பக்கத்து வீட்டிலிருந்து அப்பா, "ஏட்டி, ஆவி பிடிச்சியா?" என்கிறார். இது அவர் காதுக்குப் போகக் கூடாத சங்கதி. அதனால்தான் நீங்கள் நர்ஸ் டூட்டி பார்க்கிற ஆஸ்பத்திரி விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

குளிர் அப்படி ஒன்றும் இல்லை. டெல்லிக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் நர்ஸ் ஹாஸ்டலைக் காலி செய்து ஒரே வருஷத்தில் திரும்பின உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போது எனக்கு வாங்கி வந்த சிவப்பு ஸ்வெட்டரை, சாயர்புரத்து வெயிலில், வியர்க்க வியர்க்கப் போட்டுக்கொண்டு மூன்று வயதில் நான் நிற்கிற போட்டோ இன்னும் ஹாலில் தொங்குகிறதே, அந்தப் பயிற்சி இப்போது கைகொடுக்கிறது. கிறிஸ்மஸுக்கு வர லீவு இல்லை, அத்தை. ஆபீஸில் வேலை அப்படி. மூச்சுவிட நேரமில்லை. நிறையப் புத்தகம் வாசிக்கிறேன். இந்த மாதம் மட்டும் பதினோரு புத்தகம் முடித்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்துப் பிள்ளை யார் டெல்லிக்கு வந்தாலும் இங்கே தமிழ்ச் சபையிலிருக்கும் ஜெபதுரை மாமா இந்த ஒரே வீட்டில்தான் கொண்டுவந்து விடுவார் என்பது உங்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் வீட்டுக்கார ஆன்ட்டி மாடி மாடியாக ஏறி, "சஃபாய் கரோ, பேட்டி, அறையைச் சுத்தம் பண்ணு, லக்ஷ்மி வருவாள்" என்று விரட்டினாள். நான் கிறிஸ்டியன் என்றேன். அவள் வருகிற வழியில் உன் அறையும் இருக்கிறதே என்றாள். அலமாரித் தட்டில் ஒட்டியிருந்த ரெக்ஸின் விரிப்பைக் கிழித்தேன். கீழே இன்னொரு விரிப்பு, அதன் கீழே இன்னொன்று, மொத்தம் ஆறு, அதற்கும் கீழே அட்டை போன ஒரு தினதியானப் புத்தகம். நம் வீட்டில் காலை ஜெபத்துக்கு வைத்திருக்கிறோமே, அதே மாதிரி. தேதி உண்டு, வருஷம் இல்லை, கிழமை இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பென்சிலால் இரண்டு வரி, தமிழில். எனக்கு முன்னால் இருந்த பெண் யாரோ எழுதி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அன்றன்றைய பக்கத்தை அன்றன்றைக்குத்தான் வாசிக்க வேண்டும், நாளைய பக்கத்தைப் புரட்டுவது திருட்டு என்று சண்டே ஸ்கூலில் என் புறங்கையில் ஸ்கேலால் அடித்தவர் நீங்கள்தானே, அதனால் தினமும் காலையில் ஒரு பக்கம் வாசித்தேன்.

அக்டோபர் 24-ல் "சோன்பப்டி டப்பா மூன்றாம் தடவை வந்தது" என்று இருந்தது. சிரித்துவிட்டுக் குளிக்கப் போனேன். மத்தியானம் கதவு தட்டப்பட்டது. எதிர் வீட்டுக்காரர் நீட்டிய டப்பாவின் மூலையில் நான் பேனாவால் வைத்த புள்ளி இருந்தது. நான் இரண்டு தடவை வேறு வீடுகளுக்குத் தள்ளிவிட்ட டப்பா. இந்த ஊரில் யாரும் அதைத் தின்று நான் பார்த்ததில்லை, அத்தை. யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று வருஷம் முழுக்க விசாரிக்கிற ஜனங்கள், தீபாவளி வாரத்தில் மட்டும் டப்பா வந்ததா, டப்பா போனதா என்று கேட்டு ஒற்றுமையாக இருக்கிறார்கள். சரி, இது எந்த வருஷமும் நடக்கிறதுதான் என்று தேற்றிக்கொண்டேன்.

நவம்பர் 5 காலையில் புத்தகத்தைத் திறந்தால், "குருபர்வ். தெருவில் சர்தார்ஜி ஒருவர் கை நிறையப் பிரசாதம் வைத்தார், முழங்கை வரை நெய்" என்று எழுதியிருக்கிறது. காலண்டரைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் குருபர்வ், சீக்கியர்கள் கொண்டாடுகிற குருநானக் பிறந்தநாள். நம் ஈஸ்டர் மாதிரி அது வருஷா வருஷம் தேதி மாறுகிற பண்டிகை அத்தை, நான் கேட்டு விசாரித்தேன். போன வருஷம் வேறு தேதி, அதற்கு முந்தின வருஷம் இன்னொரு தேதி. அப்படியானால் இது இந்த வருஷத்துக் குறிப்பு. ஆனால் புத்தகத்தை நான் எடுத்தது அக்டோபரில். நடக்காததை எழுதினது யார்? வெளியே போகக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். சாயங்காலம் பால் வாங்க இறங்கினேன், அவ்வளவுதான், ஒரு சர்தார்ஜி கையைப் பிடித்துப் பிரசாதத்தை வைத்தார். நெய் முழங்கை வரை வழிந்தது. பயத்தில் அதை முழுங்கவும் முடியலை, துப்பவும் முடியலை. ருசி மட்டும் நல்லாத்தான் இருந்தது.

அதுக்கப்புறம் ஒண்ணு மாத்தி ஒண்ணு. நவம்பர் 26-ல் "சுவருக்குள் யாரோ பக்கம் புரட்டுகிறார்கள்" என்று இருந்தது. இங்கே வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கை நுழையாது, அந்தச் சுவருக்கு அப்பால் அறையே கிடையாது. காதை வைத்தேன். புரட்டுகிறார்கள். நான் என் புத்தகத்தை மூடினால் அங்கேயும் நிற்கிறது. திறந்து இரண்டு வரி வாசித்தால் அங்கே ஒரு பக்கம். புறாவாக இருக்கும் என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், ஆனால் என் குரலே எனக்குப் புதுசா இருந்தது. டிசம்பர் 8-ல் "அபி டண்ட் கஹாங் ஆயி ஹை, குளிர் இனிமேல்தான் என்கிறாள் ஆன்ட்டி". பத்து மணிக்கு ஆன்ட்டி படியேறி வந்து, ஷாலைச் சுற்றிக்கொண்டே, அதையே சொன்னாள், ஒரு வார்த்தை மாறலை. புதன்கிழமை வருகிற பக்கங்களில் மட்டும் "பிரசங்கம் 4/10, சபை ஐயரும் தூங்கினார்" என்பது போல மார்க். புதன்கிழமை ஆராதனை நடத்துகிற சபை எது என்று ஜெபதுரை மாமாவைக் கேட்டேன். "அது என்ன கள்ள உபதேசமோ, நீ அந்தப் பக்கம் போயிராத" என்றார்.

அந்தப் பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்கு வேலை போய்விட்டது. வீட்டில் சொல்லவில்லை. தினமும் எட்டரைக்கு டிபன் பாக்ஸோடு வேலைக்குப் போகிறவள் மாதிரி இறங்கி, பார்க்கில் நாவல்மரத்தடி பெஞ்சில் சாயங்காலம் வரை புத்தகம் வாசித்துவிட்டு, களைத்த முகத்தை வரவழைத்துக்கொண்டு படியேறுகிறாள். இப்படியும் ஒருத்தி இருப்பாளா? பெத்தவங்களை ஏமாத்த எப்படி மனசு வரும்? அந்த பெஞ்சில் மூன்றாவது பலகை உடைஞ்சுதான் இருக்கு, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வெயிலும் போயிரும், காவல்காரர் இப்பல்லாம் பார்த்தா தலையாட்டுவார். சும்மா ஒரு நாள் போய்ப் பார்த்தேன், அதனால தெரியும்.

ஆன்ட்டியிடம், எனக்கு முன்னால் இந்த அறையில் யார் இருந்தது என்று கேட்டேன். "உன்னை மாதிரி ஒரு மதராஸி லட்கி" என்றாள். எப்படி இருப்பாள் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்து, "உன்னை மாதிரிதான்" என்றாள். எங்கே போனாள் என்றேன். "போய்விட்டாள். எல்லாரும் டிசம்பரில் போய்விடுகிறார்கள்" என்று சொல்லிவிட்டு வடாம் காயப்போடப் போய்விட்டாள்.

இன்றைய பக்கம், டிசம்பர் 17. "பிரசங்கம் 9/10. அழுதேன். இதற்கு மேல் தாங்காது. நாளையோடு முடித்துவிட வேண்டியதுதான்." அத்தை, முதல்முறையாக முறையை மீறி நாளைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். வரவில்லை. பதினெட்டு முதல் முப்பத்தொன்று வரை ஒரே கட்டியாக ஒட்டிக்கிடக்கிறது. இதுவரை அவளுக்கு நடந்ததெல்லாம் எனக்கு நடந்திருக்கிறது. நாளைக்கு அவளுக்கு என்ன ஆச்சு? எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்கோங்க. நீங்கள் பிணவறைக்கும் பயப்படாதவர், ஆளும் கண்டிப்பு. பெங்களூர் வேலை போய் என் கூடப்பிறந்த ஆரோன் அண்ணன் வந்து நின்றபோது, "வேலையை விட்டுட்டு வீட்டுல வந்து உக்காருறவன் என் மூஞ்சியில முழிக்கக் கூடாது" என்று சொன்னீர்களே, அந்தத் தைரியத்தில் கொஞ்சம் எனக்காக ஜெபித்து அனுப்புங்கள். அப்பாவிடம், ஜெனி வேலையில் நன்றாக இருக்கிறாள், அதனால்தான் வரவில்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

மாமாவுக்கு என் ஸ்தோத்திரம். அம்மா சுடுகிற முறுக்கில் என் பங்கை யாருக்கும் கொடுக்க வேண்டாம். கர்த்தர் நம் வீட்டுக் கதவுகளையும் அந்த ஸ்பீக்கர் போனையும் காப்பாராக.

கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
ஜெனி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனவள் மனசு கேட்காமல் கெட்டில் ஆவியில் அந்தக் கட்டியைக் காட்டினேன். பக்கம் பிரிந்தது. ஒட்டியிருந்தது சோன்பப்டி. பதினெட்டில் இப்படி எழுதியிருக்கிறது: "எஸ்டிடி பூத்திலிருந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். வேலை போய் நாலு மாசம் ஆச்சு, ஹாஸ்டல்லயும் இல்ல, முனிர்காவுல இருக்கேன்னு சொல்லிட்டேன். அண்ணன் ஏன்னு கேக்கல. சாப்பிட்டியான்னுதான் கேட்டான். 'டிக்கெட் எடுத்துட்டு வா, திருநெல்வேலி ஸ்டேஷன்ல நிக்கேன். ஊர்ல கேட்டா குளிர் ஒத்துக்கலன்னு சொல்லிக்கலாம்' என்றான். கிளம்புமுன் ஜெனிக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கணும். சிவப்பு. மூணு வயசு."

அத்தை, எனக்கு மூணு வயசான 2006-ன் காலண்டரை இப்போது போனில் பார்த்தேன். என் புதன்கிழமையெல்லாம் உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. குருபர்வ் அந்த வருஷமும் நவம்பர் அஞ்சாம் தேதிதான்.

மேலே வேலை, லீவு, ஆபீஸ் என்று எழுதினதையெல்லாம் அடித்துவிட்டு வாசியுங்கள். ஆகஸ்ட் மாசமே ஆபீஸ்ல எங்களை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. பெஞ்சில் அந்தப் பலகை இன்னும் உடைஞ்சுதான் கிடக்கு. சுவருக்குள்ள புரட்டுறது யாருன்னு நீங்க கண்டுபிடிச்சீங்களா? இதை எழுதும்போதும் கேக்குது, ஆனா இப்ப பயமில்லை. அப்பாகிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். இந்தக் கடிதம் உங்க கைக்கு வர முன்னாடி நானே போன் போட்டிருப்பேன். ஸ்பீக்கர்ல இருந்தாலும் பரவாயில்லை.