சிவப்பு வெளிச்சத்தில் ஒரு சிரிப்பு

சாகப்போகிற நேரத்தில் தன் மனைவி ஏன் சிரிக்கிறாள் என்று கண்ணாடிக்கடைக்காரருக்குப் புரியவில்லை.

கணினித் திரையில் அவள் முகம் பெரிதாக நின்றது. ஒரு கன்னத்தில் சிவப்பு வெளிச்சம், மறு கன்னத்தில் நீலம். கழுத்தருகே கறுப்புக் கையுறை போட்ட கை, அதில் கத்தி. எல்லாம் அச்சு அசலாகப் பழைய இத்தாலியத் திகில் படம். அவள் உதடு மட்டும் எதையோ சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

"மச்சான், உன் அக்கா இங்க என்ன சொல்றா?"

"எனக்கென்ன தெரியும் மாமா? படத்துல சத்தமே இல்லையே."

சத்தம் இல்லாதது தவறல்ல. அது அவருடைய பெருமைகளில் ஒன்று. அந்தக் காலத்து இத்தாலியத் திகில் படங்களில் பெரும்பாலும் படப்பிடிப்பின்போது குரலைப் பதிவு செய்ய மாட்டார்கள். ஒரே காட்சியில் ஆளுக்கொரு மொழியில்கூடப் பேசுவார்கள். வாய் அசைந்தால் போதும், குரலைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

பகலெல்லாம் அடுத்தவர் பார்வையைச் சோதித்துக் கண்ணாடி விற்கிற மனிதர், விடுமுறை நாட்களில் தன் வீட்டுக் கூடத்திலேயே அப்படி ஒரு படத்தை எடுத்து முடித்திருந்தார். விளக்குகளுக்கு வண்ணத்தாள் ஒட்டியது அவர். பெயிண்ட் போலப் பளிச்சென்ற ரத்தம் கலக்கியது அவர். இந்த வகைப் படத்தில் கொலைகாரனின் கை மட்டும்தான் தெரியும் என்பதால், ஒரு கையில் கேமராவும் மறு கையில் கத்தியுமாகக் கொலை செய்ததும் அவரே.

அவளுக்குப் பின்னால் படபடத்த சிவப்புத் திரைச்சீலையை மட்டும் எதிர்வீட்டுத் தையற்காரம்மா தைத்துக் கொடுத்தார். அவருக்குக் காது கேட்காது. முகத்துக்கு நேராக நின்று பேசினால் போதும், அளவு முதற்கொண்டு சரியாகப் பிடித்துக்கொள்வார்.

அந்தத் திரைச்சீலையைப் பறக்கவிட வைத்திருந்த ராட்சத மின்விசிறி, படப்பிடிப்பின்போது லாரி மாதிரி இரைந்தது. "வாய்க்கு வந்ததைச் சொல்லு" என்று மனைவியிடம் கத்தினார் கண்ணாடிக்கடைக்காரர். அவள் கேமராவையே பார்த்து என்னவோ சொன்னாள். "பிரமாதம், திரும்பச் சொல்லு" என்றார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. திரும்பச் சொன்னாள். இன்னும், இன்னும் என்று கத்தியை ஆட்டினார். மூன்றாவது தரமும் சொன்னாள்.

அன்று மாலைதான் கேட்டார். "ஆமா, அந்த ஷாட்டுல என்ன சொன்னே?"

"கேக்கலையா? பிரமாதம்னீங்களே."

"உன் நடிப்பைச் சொன்னேன். அந்த இரைச்சல்ல என்ன கேக்கும்?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப நீங்களே கண்டுபிடிங்க. இனிமே என் வாயிலேர்ந்து வராது."

சொன்னபடியே இருந்தாள். அந்த இடத்துக்குக் குரல் கொடுக்கவும் மறுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னத் திரையரங்கில் முதல் காட்சி. உச்சக்கட்டத்தில் வசனம் பொருந்தாவிட்டால் திகில் படம் கேலிக்கூத்தாகிவிடும்.

முதலில் மச்சானைப் பெண் குரலில் பேசவைத்தார். "ஐயோ, என்னைக் கொன்னுடாதே."

"ஒட்டலையே. இங்க பாரு, 'ப', 'ம'ன்னு சொன்னா உதடு மூடியே ஆகணும். அவ மூடுற இடத்துல நீ திறக்கறே."

"வேகத்தைக் குறைச்சுப் பாருங்க மாமா."

குறைத்தார். சிரிப்பு இன்னும் நீண்டது. கத்தி, ரொட்டிக்கு வெண்ணெய் தடவ வருவதுபோல் நிதானமாக வந்தது.

"சரி, கதையை மாத்திடுவோம். உண்மையான கொலைகாரி அவதான். அதான் சிரிக்கிறா."

"அப்ப கையுறை போட்டவரு?"

"அவர் ஏமாந்தவர்."

அதை நிரூபிக்க, அவள் தப்பி ஓடி மாடிப்படியில் உருளும் காட்சி ஒன்று தேவைப்பட்டது.

"உருள மாட்டேன்" என்றாள்.

"மெத்தை போடறேன்மா."

"பஞ்சு மூட்டையே போட்டாலும் மாட்டேன்." புதிதாகக் கலக்கிய ரத்தத்தின் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். கதாநாயகிக்கே அருவருப்பு வந்துவிட்டதே என்று கண்ணாடிக்கடைக்காரர் பெருமையோடு பாட்டிலை மூடினார்.

அக்காவின் உடையிலும் பொய்முடியிலும் மச்சான் உருண்டான். கடைசிப் படியில் மீசை தெரிந்தது.

"அக்காவுக்கு என்னதான் கோபம்?" என்று முழங்காலைத் தேய்த்தபடி அவன் கேட்டான். "நான் கேட்டா, உங்க மாமாகிட்டதான் முதல்ல சொன்னேன், அவரையே கேளுங்கறா."

"எல்லாம் நடிகைங்களுக்கு வர்ற பிகு. இசையைக் கூட்டு. வசனமே வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. சத்தம் கேட்காவிட்டாலும் தன் திரைச்சீலையையாவது பார்க்கட்டும் என்று தையற்காரம்மாவுக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்.

மீசைக்குச் சிரித்தார்கள். ஆனால் சிவப்பும் நீலமும் திரையை நிறைத்து, இசை அதிர, அவள் கத்திக்கு முன்னால் அமைதியாகச் சிரித்தபோது ஒருவரும் மூச்சுவிடவில்லை. படம் முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த மர்மச் சிரிப்புக்கு ஈடே இல்லை என்றார் ஒருவர். எல்லாம் திட்டமிட்டுச் செய்தது என்றார் கண்ணாடிக்கடைக்காரர். மனைவி அவர் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அடுத்த இருக்கைப் பெண்ணிடம், "எங்க வீட்டுக்காரர் எடுத்தது. விளக்கு, ரத்தம் எல்லாம் அவரே" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. அவர் சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டுக்கொண்டார்.

தையற்காரம்மா வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்கடைக்காரர் நேராக நின்று வாயை நன்றாகத் திறந்து கேட்டார். "திரைச்சீலை எப்படி இருந்துச்சும்மா?"

"திரைச்சீலை கிடக்கட்டும் தம்பி. 'நீங்க அப்பா ஆகப் போறீங்க'ன்னு அந்தப் பொண்ணு மூணு தடவை சொல்லுது, கத்தியைப் பிடிச்சுட்டு நிக்கறவன் கடைசிவரைக்கும் ஒரு பதிலும் சொல்லலையே, ஏன்?"