மாப்பிள்ளைக்கு, கல்லில் செய்த கம்ப்யூட்டர் பற்றி

செங்கல்பட்டு,
ஆவணி மாதம், 2003.

சிரஞ்சீவி மாப்பிள்ளை பத்ரி அவர்களுக்கு சாரங்கபாணி அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் காமுவும் க்ஷேமம். கம்ப்யூட்டர் சென்ற வெள்ளிக்கிழமை வரை க்ஷேமமாக இருந்தது. அங்கே நீங்களும் விஷாகாவும் குழந்தை அம்முவும் சௌக்கியம்தானே? அம்மு இப்போது தவழ்வதை விட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று காமு சொன்னாள். அந்தச் சுவர் என்ன நிறம் என்று போனில் கேட்க நினைத்தேன். இதையெல்லாம் கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் நீங்கள் "அப்புறம் மாமா?" என்றீர்கள். நான் "அப்புறம் ஒன்றும் இல்லை" என்றேன். அதனால்தான் கடிதம். கடிதத்தில் யாரும் "அப்புறம்?" என்று கேட்பதில்லை.

விஷயம் இதுதான். அம்முவின் ஆண்டு நிறைவுக்கு நாங்கள் இருவரும் பாஸ்டன் வர டிக்கெட் போடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். யோசித்துப் பார்த்ததில், காமுவுக்கு மட்டும் போடுவதே நல்லது என்று தோன்றுகிறது. தோன்றுவது சரிதானா என்று எனக்கு நிச்சயமில்லை. ஆகவே காரணங்களை வரிசையாக எழுதிவிடுகிறேன், நீங்களே தீர்மானியுங்கள்.

சென்ற முறை மீனம்பாக்கத்தில் விமான நிலைய வாசல் வரை வந்து நான் திரும்பியதை, நீங்கள் பெருந்தன்மையாக வயிற்றுக் கோளாறு என்றே எல்லாரிடமும் சொல்லி வந்தீர்கள். அன்று கட்டிய பெட்டியைக் காமு இன்னும் பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பெருக்கும்போது துடைப்பம் அதன் மேல் இடித்தால் ஒரு பெருமூச்சு கேட்கும். துடைப்பம் பெருமூச்சு விடுவதில்லை. நானோ இறக்கையைக் காற்று எப்படித் தூக்கி நிறுத்துகிறது என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கிய பௌதிக ஆசிரியன். பிள்ளைகள் நம்பினார்கள், பரீட்சையில் எழுதவும் செய்தார்கள். எனக்குத்தான் அந்த அம்புக்குறிகளின் மேல் ஏறி உட்கார மனம் வரவில்லை. இன்னும் சரியாகச் சொன்னால், நான் பயப்படுவது விழுவதற்குக்கூட அல்ல. நடுவானில் ஓட்டுபவருக்குத் தலைசுற்றல் வந்து, "பௌதிகம் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டால், காமு என் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவாள். அவள் அப்படிப்பட்டவள் என்பது உங்களுக்கும் தெரியும்.

இதை நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோதுதான் நீங்கள் அந்த யோசனையைச் சொன்னீர்கள். "மாமா, ஏரோப்ளேன் ஓட்டற கேம் ஒண்ணு இருக்கு. அசல் மாதிரியே இருக்கும். நீங்களே ஓட்டிப் பழகுங்கோ, பயம் போயிடும். சின்னதா, சிக்கனமா ஒரு மெஷின் நீங்களே அசெம்பிள் பண்ணிடலாம்" என்று சொல்லி, என்னென்ன வாங்க வேண்டும் என்பதையும் சொன்னீர்கள். சின்னதாக என்பதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஏனென்றால் காமு ஒதுக்கித் தந்த இடம் கூடத்தில் தையல் மெஷினுக்கும் அரிசி டின்னுக்கும் நடுவே. "அதுக்குள்ள அடங்கினா உள்ள வரட்டும். இல்லேன்னா வாசல்லயே நிக்கட்டும்" என்றாள். அது கம்ப்யூட்டரை மட்டும் சொன்னதாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

மின்சார ரயிலில் போய் ரிச்சி தெருவில் சாமான் வாங்கினேன். கடைக்காரர், "கேமுக்கா சார்? பேரனுக்கா?" என்றார். எனக்குத்தான் என்றேன். "இன்னா கேம் ஆடுவீங்க?" என்றார். பறப்பேன் என்றேன். அவர் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தார். மதர்போர்டு சிறியது, நினைவகம் போதுமானது, படம் காட்டும் கார்டு மட்டும் நீங்கள் சொன்னதைவிட ஒரு படி கீழே. அதனால் மேகங்கள் சற்றுச் சதுரமாக இருக்கும் என்றார், பரவாயில்லை என்றேன். ஆனால் இவற்றை வைக்கும் பெட்டியில்தான் இடறியது. பெரிய பெட்டி மலிவு, சின்னப் பெட்டி விலை அதிகம். "சின்னது வேணும்னா காசு ஜாஸ்தி சார், பெருசுன்னா சீப்பு" என்றார். இதற்கு ஏதோ நியாயம் இருக்கத்தான் வேண்டும், கேட்கக் கூச்சமாக இருந்தது. பெட்டி இல்லாமலே வந்துவிட்டேன்.

அப்போதுதான் என்னிடம் படித்த உலகநாதன் நினைவு வந்தது. மாமல்லபுரத்தில் சிற்பக்கூடம் வைத்திருக்கிறான். கல் லேசில் சூடாகாது, ஆகவே உள்ளே இருக்கும் பொருள் குளிர்ச்சியாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். லேசில் ஆறவும் ஆறாது என்பதும் அதே பாடத்தில் அடுத்த வரிதான்; அது பிற்பாடு நினைவுக்கு வந்தது. வெள்ளைக்காரர் ஒருவர் தோட்டத்தில் விளக்கு வைக்கக் கேட்டு, பாதி வேலையில் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டதால் நின்றுபோன சின்னக் கல் மண்டபம் ஒன்று அவனிடம் இருந்தது. "உள்ள பொள்ளலாத்தான் கீது சார். உங்க போர்டு கரெக்டா குந்தும். பின்னாடி ஒயருக்குத் தொளை, பக்கத்துல காத்து போவ ஜன்னலு கொடைஞ்சுடறேன்" என்றான். சரிப்பா, வேறு வேலைப்பாடு எதுவும் வேண்டாம், பெட்டியாக இருந்தால் போதும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். தலையை ஆட்டினான். மறுவாரம் போனால் மேலே தாமரை, கீழே இரண்டு சிங்கம். "மொட்டையா வுட்டா என் கை தூங்காது சார். துட்டு வாணாம், அது நம்ம ஆசைக்கு" என்றான். பரீட்சையிலும் அவன், கேட்காத கேள்விக்குத்தான் நன்றாகப் பதில் எழுதுவான்.

அதைச் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏற்றினோம் மாப்பிள்ளை. ஏற்றினோம் என்றால் நான் அல்ல, இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள், நான் கூடவே கையை நீட்டிக்கொண்டு ஏறினேன். லக்கேஜ் டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் காதைப் பொத்திக்கொண்டார். "இன்னா பெரியவரே, கோயிலுக்கு லக்கேஜ் போட்டா நான் உருப்புடுவனா?" இது கோயில் இல்லை, கம்ப்யூட்டர் வைக்கிற பெட்டி என்று விளக்கினேன். அவர் டிரைவரைப் பார்த்து, "அண்ணாத்த, மெதுவாப் போ. பெரியவரு வெயில்ல ரொம்ப நின்னுட்டாரு போல" என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து கல்லுக்கு இடம் கொடுத்தார். நான் நின்றுகொண்டு வந்தேன். திருக்கழுக்குன்றத்தில் ஏறிய அம்மாள் அதன் முன்னால் எலுமிச்சம்பழம் ஒன்றை வைத்துவிட்டு, என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். வழியெல்லாம் தென்னைகளின் நிழல் அந்தத் தாமரையின் மேல் ஏறி ஏறி இறங்கியது. பார்த்துக்கொண்டே வந்ததில், இது உண்மையிலேயே கோயில்தானோ, நான்தான் கம்ப்யூட்டர் என்று உளறுகிறேனோ என்று எனக்கே ஐயம் வந்துவிட்டது.

வீட்டில் நீங்கள் சொன்ன வரிசைப்படியே பூட்டினேன். பிராசஸரின் மேல் வெள்ளைக் களிம்பு தடவும்போது காமு எட்டிப் பார்த்து, "அதுக்குத் திருமண்ணும் இட்டாச்சா? பேஷ்" என்று சொல்லிவிட்டுப் போனாள். முதலில் எரியவில்லை. இரண்டாம் முறையும் எரியவில்லை. சுவரில் ஸ்விட்ச் போடவில்லை என்பதைக் கண்டுபிடித்ததும் எரிந்தது. மண்டபத்துக்குள் நீல விளக்கு ஒன்று ஏற்றிக்கொண்டு விசிறி "ம்ம்ம்" என்று சுருதி பிடித்தது. பாத்திரம் தேய்க்க வந்த முனியம்மா கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சாமி, இது இன்னா சாமி? உள்ள நீலமா எரியுது, மந்திரம் வேற சொல்லுது!"

ஏரோப்ளேன் ஓட்டுவதற்கு என்று மட்டும் சொன்னேன். அவள் சற்று யோசித்து, "எம் புள்ள மணியும் லாரி ஓட்டத்தான் அலையறான். சொல்லி வையி" என்றாள். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தலையாட்டினேன். அந்த வாரமே மணிக்குப் படாளத்தில் லாரி ஓட்டும் வேலை கிடைத்துவிட்டது. இதில் எனக்கோ மதர்போர்டுக்கோ எந்தப் பங்கும் இல்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை முனியம்மா ஒரு முழம் மல்லிகையோடும், தெருப் பெண்கள் நாலைந்து பேரோடும் வந்துவிட்டாள்.

பறப்பதைப் பற்றி எழுத வேண்டும். மாப்பிள்ளை, அது நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. மீனம்பாக்கத்தில் கிளம்பிக் கிழக்கே திரும்பினால் கடல் வந்துவிடும். பிறகு கரையைப் பிடித்துக்கொண்டு தெற்கே. அந்தக் கடலில் அலை இல்லை, படகு இல்லை, எப்போதும் சாயங்கால வெளிச்சம். மேகங்கள் கடைக்காரர் சொன்னபடி சதுரம்தான், தயிர் சாதத்தைக் கட்டி கட்டியாக எடுத்து வைத்ததுபோல். மாமல்லபுரம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பச்சை. கேமில் கோயிலைப் போடவில்லை. மனசுக்குள் நானே அந்த இடத்தில் கோயிலை வைத்தேன். உலகநாதனின் கூடத்தை வைத்தேன். அதன் வாசலில் அவன் டீ குடிப்பதையும் வைத்தேன். உள்ளே தள்ளி நம் வீட்டை வைத்து, மாடியில் காமு வடாம் பிழிவதை வைத்தேன். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் யாருக்கும் பாரமாக இல்லை. இவ்வளவு நேரம் நான் பயப்படவில்லை. இறங்க வேண்டும் என்றதும்தான் எல்லாப் பொத்தானையும் ஒன்றாக அழுத்திவிடுகிறேன். ஒரு தடவை கடலில், ஒரு தடவை பாலாற்று முகத்துவாரத்தில், ஒரு தடவை எங்கே என்றே தெரியாத வயலில். ஓடுபாதையில் மட்டும் இறங்கியதே இல்லை.

இது முழுவதும் பின்னால் அமர்ந்திருக்கும் பெண்கள் முன்னிலையில். முதல் தடவை விழுந்தபோது ஒருத்தி, "ஐயையோ, வுயுந்துட்டாரு!" என்று எழுந்தே விட்டாள். முனியம்மா அவளைப் பிடித்து உட்காரவைத்து, "குந்து, குந்து. மறுக்கா எந்திரிச்சுக்கும் பாரு" என்றாள். அப்படியே திரை மாறி ஏரோப்ளேன் மறுபடி ஓடுபாதையில் புதிதாக நின்றது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு பேர் முன்னால் இத்தனை முறை தவறியதில்லை.

வெள்ளிக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். கடலுக்கு மேல் நல்ல உயரத்தில் போய்க்கொண்டிருந்தபோது விசிறியின் "ம்ம்ம்" நின்றது. திரை அப்படியே உறைந்தது. மேலே நீலம், கீழே நீலம், நடுவில் நான். கூடம் முழுக்கச் சூடான மல்லிகை மணம். முனியம்மா வைத்த சரத்தை விசிறி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. நான் பதறியிருக்க வேண்டும். பதறாமல், வானம் இப்படித்தான் மணக்கும் போலிருக்கிறது என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். காமு வந்து சுவர் ஸ்விட்சை அணைத்து, தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து சரத்தின் நூலை நோண்டி எடுத்தாள். கல் இரவு சாப்பாட்டு நேரம் வரை சுட்டது. அடுத்த வரிப் பாடம் எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

ஆகக் காரணம் இதுதான். ஏற எனக்குத் தெரிகிறது, போகத் தெரிகிறது, இறங்கத் தெரியவில்லை. இந்த நிலையில் நான் ஏறுவது மற்றப் பிரயாணிகளுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. காமு தனியாகவே தைரியமாக வந்துவிடுவாள். அம்முவின் ஆண்டு நிறைவன்று நான் இங்கிருந்தே ஆசீர்வாதம் செய்துவிடுகிறேன். அந்த நேரம் போனை அவள் காதருகே பிடித்தால், பேசாமல் இருந்தாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

விஷாகாவுக்கு என் ஆசீர்வாதம், அம்முவின் இரண்டு கன்னத்துக்கும் தனித்தனியாக ஆசீர்வாதம். உங்கள் தாயார் தகப்பனாருக்கு எங்கள் நமஸ்காரத்தைச் சொல்லவும். எல்லாரும் எல்லாக் காலத்திலும் பத்திரமாக இறங்கி நலமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சாரங்கபாணி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் வழக்கம்போல் காமு கடிதத்தை வாங்கிப் படித்தாள். ஆறிப் பிழைத்த கம்ப்யூட்டரில் ஏரோப்ளேன் அப்போது தானே ஓட்டிக்கொள்ளும் ஏற்பாட்டில் கடலோரமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் அரிசி டின்னின் மேல் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள்.

"இதுல பின்னாடி சீட்டே கிடையாதா?"

"பின்னாடி எதுக்கு? ஓட்டறவா முன்னாடிதானே உக்காருவா."

"உங்களை யாரு ஓட்டச் சொன்னா?"

மாப்பிள்ளை, இவ்வளவு நாளும் இந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்படவே இல்லை. அவள் முந்தானையால் கீபோர்டைத் துடைக்க, ஏதோ ஒரு பொத்தான் அழுந்தி, முட்களும் கடிகாரங்களும் மறைந்து பக்கவாட்டு ஜன்னல் வந்தது. ஓர் இறக்கை. அதன் கீழே கடல், அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. "இப்போ யார் ஓட்டறா?" என்று கேட்டேன். "யாரோ ஓட்டறா. நீங்க வெளியில பாருங்கோ" என்றாள். பார்த்தேன். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது நடுக்கடல், காமு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பயந்துண்டிருக்கறவா இப்படிக் குறட்டை விடுவாளா?" என்றாள். கட்டிலுக்கு அடியில் பெட்டியை இழுக்கும் சத்தம் இப்போது கேட்கிறது.

ஆகவே மேலே எழுதியது அனைத்தையும் எழுதாததாகக் கொண்டு, டிக்கெட் இரண்டாகவே போடவும். ஜன்னலோரம் தனக்கு என்று காமு சொல்கிறாள். எனக்கு என்று நானும், மெதுவாக, சொல்லியிருக்கிறேன். நாங்கள் திரும்பி வரும் வரை மண்டபத்தை முனியம்மா பார்த்துக்கொள்வாள். பூவை எட்ட வைப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறாள். அம்மு பிடித்து நிற்கும் சுவரின் நிறத்தை எழுத வேண்டாம். வந்து பார்த்துக்கொள்கிறேன்.