மூக்கரும் சிவப்புப் புள்ளிகளும்

கண்டியில் மூக்கை வைத்தே சம்பளம் வாங்கிய மனிதர் எங்கள் மூக்கர் ஒருவர்தான். செயற்கைக்கோள் படத்தையும் காற்றின் போக்கையும் பார்த்து, கடல் கடந்து வரும் புகைமூட்டம் எப்போது நம் மலைகளில் இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்வது எங்கள் அலுவலக வேலை. கணினி சொல்வதை மூக்கர் நம்பமாட்டார். மொட்டைமாடிக்குப் போய், கண்ணை மூடி முகர்ந்துவிட்டு வந்துதான் தீர்ப்புச் சொல்வார்.

ஒருநாள் கலஹா பஸ்ஸில் எழுந்து நின்று அறிவித்தார்: "இது வங்காளத்துப் புகை. ஜன்னலைச் சாத்துங்கோ!"

"சார், அது நம்ம பஸ்ஸு புகைங்க," என்றார் கண்டக்டர்.

"ரெண்டும் கலந்திருக்கு," என்றார் மூக்கர், அசையாமல்.

வீட்டில் அடுப்பே மூட்டமாட்டார்; கடையில் வாங்கும் பாண் ரொட்டியும் வாழைப்பழமும்தான் சாப்பாடு. இனக்கலவரத்தில் அவர் வீடு எரிந்தபின் வந்த பழக்கம் என்று தெரிந்தும் நாங்கள் சிரித்தோம்.

விடிந்ததும் முதல் ஆளாக வந்து, கணினித் திரையில் மூக்கு முட்டக் குனிந்திருப்பார். எரியும் இடங்கள் பச்சைப் படத்தில் சிவப்புப் புள்ளிகளாக விழும். இலங்கைக்குள் விழுபவற்றை அழிப்பது என் வேலை. உள்ளூர் நெருப்பு எங்கள் கணக்கைக் கெடுக்கும்.

"திரையையும் மோந்து பாக்குறீங்களா அண்ணே?"

"ஓம் தம்பி," என்பார்.

வடக்கில், வன்னிப் பக்கம், போர் உக்கிரமாக நடந்த காலம். ஒரு காலை புகைமூட்டத்தில் ஹந்தானை மலையையே காணவில்லை. வீதி விளக்குகள் அணையாமல் மஞ்சளாக மிதந்தன. ஒரு காகமும் கத்தவில்லை. சோதனைச் சாவடியில் மூக்கர் வந்த பஸ்ஸை மறித்துவிட்டார்களாம். அவர் வருவதற்குள் நான் புள்ளிகளை அழித்து முடித்திருந்தேன்.

"தம்பி, வன்னியில அந்தப் பெரிய குளத்துக்கு மேற்கால புள்ளி ஏதும் இருந்ததோ?"

"ஏன் அண்ணே?"

"அக்கா அங்கதான் இருக்கிறா. ஃபோனும் இல்லை, கடிதமும் இல்லை. புள்ளி இல்லாட்டி வீடு இருக்கெண்டு நினைப்பன்."

வடக்கில் நிறையப் புள்ளிகள் இருந்தன. எது எங்கே என்று நான் பார்க்கவே இல்லை.

"இல்லண்ணே. பச்சையாத்தான் இருந்துச்சு," என்றேன்.

அவர் ஜன்னலைத் திறந்து நெடுநேரம் முகர்ந்தார். "வேலிப் பூவரசு எரியிற மணம் வருதே, உமக்கு வரேல்லையோ?"

எனக்கும் வந்தது. என் மேசையிலிருந்த படத்தில் அன்றைய காற்றின் அம்புக்குறி வடக்கிலிருந்து நேரே எங்களை நோக்கியிருந்தது.

பிறகு என் பக்கம் குனிந்து என்னையும் ஒருமுறை முகர்ந்தார். "சரி தம்பி. அப்ப வீடு இருக்கு," என்று சொல்லிவிட்டு, எனக்கும் சேர்த்துப் பிளேன்டீ எடுக்கப் போனார்.

அக்காவிடமிருந்து கடைசிவரை செய்தி வரவில்லை. மூக்கரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் இன்றும் விடிந்ததும் கைப்பேசியில் அந்தப் படத்தைத் திறந்து, குளத்துக்கு மேற்கே தேடுகிறேன்.

"பச்சையாத்தான் இருக்கு அண்ணே," என்று வாய்விட்டே சொல்கிறேன். இப்போது பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.