மூன்று நாள் லீவும் ஒரு நீல நோட்டும்

இனி எந்த நோட்டுக்கும் தலைகுனிவதில்லை என்று திரைச்சீலைக் கடைக்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது முடிவு செய்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் முடிவை யாருக்கும் அறிவிக்க முடியவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று.

நோட்டு என்றால் நீல அட்டை போட்ட நீளமான நோட்டு. கீழே கடை, மேலே வீடு. கடையில், வெட்டும் மேஜைக்கு நேர் எதிரே, ஓர் ஆணியில் அது தொங்கும். பதினோரு பேர் வேலை செய்யும் அந்தக் கடையில் யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு எத்தனை நாள் சம்பளம் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. எழுதுகிறவர் அவர் மனைவி. பென்சிலால் எழுதுவார். ஆனால் அழித்து யாரும் பார்த்ததில்லை.

கடைக்காரருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை பாக்கி. பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் வாட்ச்காரரோடு ஏரிக்கரைக்குப் போய், மூன்று நாள் தூண்டில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மீன் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. தண்ணீர் அசைவதைப் பார்த்தால் போதும். ஏழு வருஷமாக இந்த ஆசை நோட்டில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது.

"அடுத்த வாரம் ஒரு மூணு நாள் வெளியூர் போலாம்னு பாக்கறேன்."

"இருங்க, நோட்டைப் பாத்துச் சொல்றேன்."

பார்ப்பார். ஒரு பக்கம் திருப்புவார். கடைக்காரர் எட்டிப் பார்ப்பார்.

"முடியாதுங்க. கட்டிங் மாஸ்டர் ஊருக்குப் போறாரு. ஓட்டல்காரங்க வேற அறுபது ஜன்னலுக்குத் திரை கேட்டிருக்காங்க."

சண்டை போடலாம் என்றால், அவர் சொல்வது ஒவ்வொரு முறையும் சரியாகவே இருக்கும். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வழி சொன்னவர் வாட்ச்காரர்தான். கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"சம்பளம், லீவு எல்லாம் பாத்துக்க சாஃப்ட்வேர் இருக்குய்யா. ஒண்ணு வாங்கிப் போடு. மெஷின்கிட்ட லீவு கேளு. எங்க போறே, யார் கூடப் போறேன்னு அது கேக்காது."

"வீட்டுல ஒத்துக்கணுமே."

"ஏழு வருஷமா இதைத்தான் சொல்றே."

அன்று மத்தியானமே மனைவியிடம் பேச்சை எடுத்தார். ஒன்பது காரணங்கள் தயாராக வைத்திருந்தார்.

"இங்க பாரு, காலம் மாறிப்போச்சு. இன்னும் எத்தனை நாள் நீ பென்சிலைச் சீவிக்கிட்டிருப்பே? ஒரு சாஃப்ட்வேர் வாங்கிடலாம்."

"வாங்கிடுங்க."

மீதி எட்டுக் காரணங்களும் வயிற்றிலேயே தங்கிவிட்டன. சாயங்காலம் வரை அவருக்குப் பசிக்கவில்லை.

சாஃப்ட்வேர் விற்க முதலில் வந்தவர், முகத்தைப் பார்த்தே வருகையைப் பதியும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். கட்டிங் மாஸ்டர் எப்போதும் உதட்டில் நான்கு குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பார். எடுக்கச் சொன்னால் கை ஓடாது என்பார். கருவி அவரை இரண்டு முறை பார்த்து, 'அறிமுகமற்ற நபர்' என்றது. மூன்றாம் முறை அடையாளம் கண்டுகொண்டு, பட்டன் தைக்கும் அம்மாவின் பெயரைச் சொன்னது. பட்டன்கார அம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அடுத்து வந்தவர் விலையைப் பாதியாகக் குறைத்தார். எல்லாம் ஒத்துவந்தது. கடைசியில் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பட்டன்காரம்மா தன்னோட சனிக்கிழமை லீவை மாஸ்டருக்குக் கைமாத்தாக் குடுத்தா, அதை எங்க எழுதறது?"

"லீவையெல்லாம் கைமாத்தாக் குடுக்க முடியாது மேடம்."

"இங்க குடுக்கறாங்களே."

வந்தவர் கம்ப்யூட்டரை மடக்கினார். பிறகு பையை மூடிக்கொண்டார். அந்தக் கடையில் அது வழக்கம். ஒருவர் வீட்டில் காய்ச்சல் என்றால் இன்னொருவர் தன் லீவைத் தருவார். பின்னால் ஒரு நாள் அது திரும்பி வரும். வராமலும் போகும். நோட்டில் மட்டும் குறிப்பு இருக்கும்.

மூன்றாவதாக வந்தது ஒரு பெண். நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்தவள், தன் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. "முதல்ல உங்க நோட்டைக் குடுங்க" என்றாள். அரை மணி நேரம் படித்தாள். ஓர் இடத்தில் சிரித்தாள். ஓர் இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அது மாஸ்டரின் மனைவி இறந்துபோன மாதம். மற்ற பத்துப் பேரும் ஆளுக்கு ஒரு நாள் அவருக்குக் கொடுத்திருந்தார்கள். பத்துக் குறிப்புகள், ஒன்றின் கீழ் ஒன்றாக, மங்கிய பென்சிலில்.

"எங்க சாஃப்ட்வேர்ல கைமாத்துக்கும் இடம் இருக்கும்மா" என்றாள்.

கடைக்காரருக்கு வேறு கவலை. தொண்டையைச் செருமிக்கொண்டு, போகிறபோக்கில் கேட்பதுபோலக் கேட்டார்.

"எல்லார் லீவுக்கும் மேல இருக்கறவங்க அனுமதி குடுக்கணும், சரி. மேல யாருமே இல்லாதவங்க லீவு கேட்டா?"

"தானாவே அனுமதி ஆயிடும் சார்."

அவர் காதில் ஏரித் தண்ணீர் சலசலத்தது. மனைவி தலை நிமிராமல் ஊசி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"இதையே வாங்கிக்கறோம்!" என்றார் கடைக்காரர். எழுந்தும் நின்றுவிட்டார். பதினோரு பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கூட்டத்தைக் கண்டதும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இனிமே இந்தக் கடையில எல்லாருக்கும் ஒரே சட்டம். நானும் லீவு போட்டுட்டுத்தான் போவேன். போடாம இந்த வாசப்படியைத் தாண்ட மாட்டேன். நோட்டுல இருக்கறதை அப்படியே ஏத்துங்கம்மா. ஒரு புள்ளிகூட மாறக் கூடாது."

"அப்படியேவா?" என்றார் மனைவி.

"அப்படியே."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு!"

"அப்ப இங்க ஒரு கையெழுத்து போடுங்க சார்" என்றாள் அந்தப் பெண். கையெழுத்தின் கடைசியில் தூண்டில் முள்போல ஒரு சுழி போட்டார் கடைக்காரர்.

அதன் பிறகு எல்லாம் அமைதியாக நடந்தது. நோட்டு ஆணியிலிருந்து இறங்கியது. சுவரில் அது தொங்கிய இடம் மட்டும் வெளிறாமல், நீளமாக, பழைய நிறத்திலேயே இருந்தது. மாதக் கடைசியில் சம்பளம் ஒரு பிசகில்லாமல் போய்ச் சேர்ந்தது. கடைக்காரர் ரகசியமாக ஏரிக்கரை விடுதியில் வியாழன் முதல் சனி வரை ஓர் அறை பிடித்தார். ரசீதை வாட்ச்காரர் கடையில், நின்றுபோன சுவர்க் கடிகாரம் ஒன்றுக்குள் ஒளித்துவைத்தார்கள். தூண்டில்கள் அதன் பின்னால். நின்றுபோன கடிகாரத்தை யார் திறக்கப்போகிறார்கள்?

முன்னதாக லீவு போட்டால் சந்தேகம் வரும். வியாழன் காலை, பையோடு படியிறங்கும்போது போட்டுக்கொள்ளலாம். எப்படியும் தானாகவே அனுமதி ஆகிவிடப்போகிறது.

வியாழன் காலை பல் துலக்கும்போது போன் மணி அடித்தது. நுரையோடு எடுத்துப் பார்த்தார்.

'பணியாளர் எண் 1 மூன்று நாள் விடுப்பில் செல்கிறார். விடுப்பு தானாக அனுமதிக்கப்பட்டது. அவரது பொறுப்புகள் பணியாளர் எண் 4-ஐச் சேரும்.'

நான்காம் எண் யாரென்று தேடினார். அவர்தான்.

வாயைக் கொப்பளிக்காமலே கீழே ஓடினார். வாசலில் ஒரு வாடகைக் கார். பின் இருக்கையில் வாட்ச்காரரின் மனைவி. ஜன்னல் வழியாக இரண்டு தூண்டில் குச்சிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கடைக்காரரின் மனைவி பையை உள்ளே வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க கிளம்பிட்டே?"

"ஏரிக்குத்தாங்க. இவங்க நேத்து கடிகாரத்தைத் தூசி தட்டினாங்களாம். ரூமுக்குப் பணம் கட்டியாச்சு, வீணாக்குவானேன்?"

"அது சரி... நீ எப்படி ஒண்ணாம் நம்பர் ஆனே?"

"நோட்டோட மொத பக்கம். ஒரு தையல் மெஷினை வச்சுக்கிட்டு நான்தானே கடை ஆரம்பிச்சேன்? அப்புறம் மாஸ்டர், அப்புறம் பட்டன்காரம்மா. உங்க கம்பெனியை மூடினப்புறம்தானே நீங்க வந்தீங்க? நாலாவது வரி."

"அதுக்காக? நான் முதலாளி!"

"யாரு இல்லேன்னாங்க? ஆனா லீவுக்கு யாரைக் கேட்டாங்கன்னு நோட்டுல ஒரு கட்டம் இருக்குமே. ஏழு வருஷமா உங்க பேருக்கு நேரா என் பேர்தான் இருக்கு. அப்படியே ஏத்தச் சொன்னீங்க."

மனைவி தன் போனைத் திருப்பிக் காட்டினார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இதைப் பாத்தீங்களா? இருபத்திரண்டு வருஷத்துல நான் ஒரு நாள்கூட லீவு எடுக்கலையாம். இருநூத்தி அறுபத்தி நாலு நாள் சேந்திருக்கு. மெஷின் சொல்லித்தான் எனக்கே தெரியுது."

கடைக்காரர் அந்த எண்ணைப் பார்த்தார். அத்தனை வருஷம் நோட்டைப் பார்த்தவர், அதில் முதல் வரிக்கு நேரே எல்லாக் கட்டமும் காலியாக இருந்ததை ஒரு நாளும் பார்க்கவில்லை. வாயோர நுரையைத் துடைத்த கையாலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டார். பற்பசை பட்டுவிட்டதாகவும் இருக்கலாம்.

"நானும் வரட்டுமா?" என்றார் மெதுவாக.

"வாங்களேன். லீவு போட்டுட்டு வாங்க" என்று சிரித்தபடி ஏறிக்கொண்டார். கார் கிளம்பியது. தூண்டில் குச்சிகள் தெருமுனை வரை தலையாட்டிக்கொண்டே போயின.

தொப்பி வைத்துக்கொண்டு வாட்ச்காரர் வெறுங்கையோடு வந்து பக்கத்தில் நின்றார். உள்ளிருந்து பதினோரு பேர் எட்டிப் பார்த்தார்கள். மாஸ்டர் குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "சார், ஓட்டல்காரங்க வந்திருக்காங்க. இன்னும் நாப்பது ஜன்னல் வேணுமாம்" என்றார்.

கடைக்காரர் வாசப்படிக்கு உள்ளே நின்றபடியே போனைத் திறந்தார். மூன்று நாள் என்று போட்டார். காரணம் கேட்ட இடத்தில் 'மனைவியோடு ஏரி' என்று எழுதி அனுப்பினார். ஒரு வட்டம் சுற்றியது. நின்றது. பதில் வந்தது.

'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது. அனுமதி தர வேண்டியவர் விடுப்பில் இருக்கிறார்.'