மகன் தலைமுடியும் என் ஆயுளும்

சென்னீர்குப்பம்

அன்புள்ள மச்சான் பூபாலனுக்கு,

உன் அக்கா புருஷன் செங்கல்வராயன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம், அங்கு உங்கள் நலமறிய ஆவல் என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் நான் தேவைக்கு மேல் நலமாக இருக்கிறேன், புகாரே அதுதான். போனில் சொல்லலாமென்றால் என் மகன் கார்த்திகேசன் பக்கத்திலேயே நிற்கிறான்.

உன் அக்கா போனபோது அவன் மொட்டையடிக்க உட்கார்ந்தானே, ஞாபகம் இருக்கிறதா? தலையில் எடுக்க ஒன்றுமில்லாமல் நாவிதர் கத்தியோடு முழிக்க, சுடுகாடு என்றும் பாராமல் நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவன் மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பின்னந்தலையில் முடியைப் பிடுங்கி முன்னந்தலையில் நாற்று நட்டுக்கொண்டு வந்தான். நட்டது முதலில் கொட்டும், பிறகு முளைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தும், தலையணையில் கிடந்த முடியைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவன் போல அழுதான். இப்போது முடி நன்றாக வளர்ந்துவிட்டது, நிம்மதிதான் கொட்டிப்போனது. காற்றுக்குப் பயந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவதில்லை. ஹெல்மெட்டுக்குப் பயந்து வண்டியை விற்றுவிட்டான். சீப்பைத் தொடுவதே இல்லை, விரலால்தான் கோதிக்கொள்கிறான்.

அதெல்லாம் போவட்டும். போன மாசம் எனக்கு லேசா நெஞ்சு வலிச்சுது. அன்னிலேர்ந்து புடிச்சுது சனி. உப்பு கிடையாது, கருவாடு கிடையாது. பூந்தமல்லி போயி ஒரு டீ குடிச்சிட்டு வரேன்னா, "மெட்ரோ வேல நடக்குது நைனா, ரோடெல்லாம் பள்ளம், நீ எங்கியும் போவாத"ங்கிறான். தும்முனா ஆட்டோ கூப்புடறான். மத்தியானம் கண்ண மூடுனா மூக்குகிட்ட விரல வச்சிப் பாக்கறான். நானும் பெத்த பாசம்னு உருகிப்போயிட்டேன் மச்சான். நேத்து அவன் கூட்டாளிகிட்ட பேசுனது காதுல வுழுந்துச்சு: "நைனா செத்துப் பூட்டா மொட்ட அடிக்கணும்டா. வச்ச முடி அவ்ளோதான். அத நெனச்சா சோறே எறங்கல." எனக்கு அசிங்கமா இருக்குது, வேதனையாவும் இருக்குது. ஒரே புள்ள, அவன் அடிக்காம வேற யாரு அடிப்பா? சாவறதுக்கே பர்மிஷன் இல்லாத அப்பனாயிட்டேன்.

தாய்மாமன் நீ சொன்னாத்தான் கேப்பான். ஞாயித்துக்கிழமை வந்து, மயிரு போனா போவுது, அப்பன அப்பனா பாருடான்னு நாலு வார்த்த நறுக்குன்னு கேளு.

ரேவதிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். எல்லாரும் தலை நரைக்கும்வரை நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
செங்கல்வராயன்

பி.கு.: அவனுக்குத் தெரியாம தபாலில் போட வந்தவன், அந்த முடி நடுற கிளினிக்லயே போயி கேட்டேன். "மொட்ட அடிச்சாலும் ஒண்ணும் ஆவாது அங்கிள், வேர் உள்ளதான இருக்குது, திரும்ப வளரும்"னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. மச்சான், நீ வராத. இத அவன்கிட்ட சொல்லியும் தொலைச்சிடாத. உன் அக்கா போனதுக்கப்புறம் "சாப்டியா நைனா"ன்னு அவன் கேக்க ஆரம்பிச்சதே இப்பத்தான்.