லிசிமாக்கோ மாமாவுக்குக் காய்ச்சல்

அலமாரிக் கதவை எப்படிச் சாத்தினாலும் ஒரு கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டே இருந்தது.

"மடக்கேன்" என்றான் வில்மர்.

"மடக்கினா உடைஞ்சிடும். ஒவ்வொரு விரலையும் ஒரு பிள்ளை செஞ்சிருக்கு" என்றாள் அவன் மனைவி எர்லிந்தா.

கை ஒரு பொம்மையின் கை. ஆளுயரப் பொம்மை. பழைய பேப்பரும் மாவுப்பசையும் மரத்தூளுமாக, எர்லிந்தாவின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்தது. வலது காதைச் செய்தது மைத்தே என்ற பெண். இடது காதைச் செய்த பையனோடு அவளுக்கு அப்போது பேச்சு வார்த்தை கிடையாது. காதுகளைப் பார்த்தாலே அது தெரியும்.

எர்லிந்தா டிராயிங் டீச்சர். நாற்பது வயது தாண்டியபின் ஆசைப்பட்டு, கலைக் கல்வியில் முதுகலைப் பட்டம் படிக்கிறாள். அவள் ஆய்வின் சாரம் ஒரே வரிதான்: பிள்ளைகள் செய்வதில் டீச்சர் கை வைக்கக் கூடாது. டிசம்பரில் நடக்கவேண்டிய தேர்வைத் தேர்வாளர் அம்மாள் ஜனவரிக்குத் தள்ளிவிட்டார். "போட்டோவெல்லாம் வேண்டாம். பொம்மையும் வரணும், பிள்ளைகளும் வந்து பேசணும்" என்று உத்தரவு. பொம்மை இல்லாவிட்டால் பட்டம் இல்லை.

இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? அன்றைக்கு டிசம்பர் முப்பத்தொன்று. அன்று குவாயாகில் ஊரில் ஒரு பொம்மையும் தப்பிக்க முடியாது. பழைய வருஷத்துப் பீடையெல்லாம் அதோடு தெருமுனையில் எரிந்து சாம்பலாக வேண்டும்.

வாசலில் தட்டும் சத்தம் கேட்டது. "எர்லிந்தா! உங்க வீட்டுப் பொம்மை எங்க?"

எதிர்வீட்டுத் தோமித்திலா. தெருவுக்கெல்லாம் பொம்மை வசூலிக்கிறவள் அவள்தான்.

"கட்டில்ல போடு, போர்வைய மூடு!" என்று எர்லிந்தா முணுமுணுத்தாள்.

வில்மர் அப்படியே செய்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். அவன் அப்போது மனைவியின் கறுப்பு கவுனும் உதட்டுச் சாயமுமாக இருந்தான். தப்பாக நினைக்காதீர்கள். அன்றைக்கு ஊரில் பாதி ஆம்பளைகள் அப்படித்தான். சாகப்போகிற வருஷத்துக்கு விதவை வேஷம் கட்டி, நடுத்தெருவில் காரை மறித்து, ஒப்பாரி வைத்துக் காசு கேட்பார்கள்.

"இந்த வருஷம் நாங்க பொம்மை செய்யலக்கா" என்றான்.

தோமித்திலா அவனைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். "சரி, கட்டில்ல யாரு?"

"எங்க மாமா! மச்சாலாவுலேர்ந்து வந்திருக்கார். லிசிமாக்கோ. காய்ச்சல்."

எர்லிந்தா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ பாவம்! இருங்க, கோழிச்சாறு கொண்டாறேன். ஆனா ஒண்ணு சொல்றேன் எர்லிந்தா. பொம்மை மிஞ்சின வீட்டுல ஆம்பளை தங்கமாட்டான். எங்க வீட்டுக்காரரப் பாரு. ஆறு வருஷமா அந்த ஜன்னல விட்டு நகர்ந்திருப்பாரா? வருஷா வருஷம் நான் ஒழுங்கா எரிக்கிறேன், அதான்."

அது உண்மைதான். எதிர்மாடி ஜன்னலில், திரைக்குப் பின்னால், தொப்பி போட்டபடி எவுசேபியோ எப்போதும் உட்கார்ந்திருப்பார். பக்கவாதம். பேச்சு இல்லை. வெளியாட்கள் பார்க்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டாராம். எர்லிந்தா தினமும் வேலைக்குப் போகும்போது அவருக்கு ஒரு வணக்கம் சொல்லாமல் போகமாட்டாள்.

தோமித்திலா சாறோடு வருவதற்குள் எர்லிந்தா ஜன்னலைச் சாத்தினாள். பொம்மைக்கு வில்மரின் கல்யாணக் கோட்டை மாட்டினாள். குளிருக்கு என்று சொல்லிக்கொள்ளக் கைகளுக்கு சாக்ஸ் போட்டுவிட்டாள். வெளியே வெயில் தார் உருகக் கொளுத்திக்கொண்டிருந்தது.

"வைங்கக்கா, நானே குடுத்துக்கறேன்."

"நீ என்னத்த குடுப்ப? படுத்தவருக்கு ஊட்டத் தெரியணும்" என்று தோமித்திலா கட்டிலில் உட்கார்ந்து, ஒரு கரண்டி சாறை லிசிமாக்கோ வாயில் ஊற்றினாள். சாறு வாய்க்குள் போகாமல் மூக்கில் வழிந்தது. மூக்கு மெல்ல ஊறி, ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

தோமித்திலா அந்த மூக்கையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்ல மனுஷன். அதிகம் பேசமாட்டார் போல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

"கண்டுபிடிச்சிட்டாளா?" என்றான் வில்மர்.

"இருட்டுல தெரிஞ்சிருக்காது" என்றாள் எர்லிந்தா. மாவுப்பசை காய்ச்சி மூக்கை ஒட்டும்போது அவள் கண் கலங்கியது. பிள்ளைகள் செய்ததில் டீச்சர் கை வைத்துவிட்டாள். ஆய்வே போயிற்று.

மூக்கு காய்வதற்குள் மருந்துக்கடை நர்ஸ் சொய்லா வந்து நின்றாள், கையில் ஊசியோடு. "தோமித்திலாக்கா வீட்டுல மச்சாலாக்காரருக்குக் காய்ச்சல்னு பேசிக்கிட்டாங்க. பண்டிகை நாள்ல சும்மா விடலாமா?"

"பேன்ட்டு மேலயே போட்டுடும்மா, அவர் ரொம்பக் கூச்சப்படுவார்" என்றாள் எர்லிந்தா. வேறென்ன சொல்வாள்?

சொய்லா புத்தாண்டுக்கு அழகாக இருக்கவேண்டுமென்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள். அந்த மட்டில் தெய்வம் துணை. ஊசி 'கரக்'கென்று இறங்கியது.

"என்னா ஆம்பளை! ஒரு முனகல் இல்ல பாரு!" என்று மெச்சினாள். பிறகு சாக்ஸ் போட்ட மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் முகம் மாறியது. "எர்லிந்தா... நாடியே இல்லையே."

"அவருக்கு எப்பவுமே மெதுவாத்தான் ஓடும்!"

"உடம்பு கட்டையா கிடக்குதே! ஐயோ, போயிட்டாரே!" என்று அலறிக்கொண்டே தெருவுக்கு ஓடினாள்.

அப்புறம் கேட்கவேண்டுமா? ஆளுக்கொரு நாற்காலியும் மெழுகுவர்த்தியுமாகத் தெருவே வாசலில் கூடிவிட்டது. வில்மரைக் கண்டதும் ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாமா மேல என்ன பாசம்யா! உசுரு போய் அஞ்சு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள கறுப்பு உடுத்திட்டான்!"

"பாதிரியாருக்கு ஆள் போயிருக்கு" என்றது ஒரு குரல்.

எர்லிந்தா எதிர்மாடியைப் பார்த்தாள். எவுசேபியோ வழக்கம்போல அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவளுக்குச் சட்டென்று ஒரு யோசனை.

"வில்மர், தூக்கு! ஜன்னலோரம் உட்காரவை. தொப்பிய நெத்திவரைக்கும் இறக்கு. எவுசேபியோ ஐயாகிட்ட யாராவது பதில் எதிர்பார்க்கிறாங்களா?"

ஜன்னல் திறந்தது. தொப்பியும் கோட்டுமாக லிசிமாக்கோ தெருவுக்குக் காட்சி கொடுத்தார். வில்மர் தரையில் மண்டியிட்டு ஒளிந்துகொண்டு, மாமாவின் கையைத் தூக்கி ஆட்டினான்.

"உசுரோட இருக்கார்!"

"என் ஊசி! என் ஊசிதான்!" என்று சொய்லா குதித்தாள். கைதட்டலில் தெரு அதிர்ந்தது.

கையை ஆட்டிய ஆட்டத்தில் சாக்ஸ் கழன்று தெருவில் விழுந்தது. தொப்பி பின்னால் சரிந்தது. காதுகள் இரண்டும் வெளியே வந்தன. கூட்டத்துக்கு நடுவிலிருந்து கணீரென்று ஒரு குரல்.

"டீச்சர்! அது நம்ம பொம்மை! அது என் காது!"

மைத்தே.

தெருவே ஜன்னல் பக்கம் நெருங்கியது. பிறகு, "பொம்மையா? ஒளிச்சு வச்சாங்களா? வருஷத்துப் பீடைய வீட்டுக்குள்ளயா? கீழ இறக்குங்க! எரிங்க!" என்று நாலு பக்கமும் கூச்சல்.

தான் செய்தது என்னவென்று மைத்தேவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஜன்னலடியில் வந்து அழுதாள். "டீச்சர், எரிச்சிட்டா யுனிவர்சிட்டில நான் யாரப் பத்திப் பேசுறது? பேச்செல்லாம் மனப்பாடம் பண்ணிட்டேனே!"

எர்லிந்தா பொம்மையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பட்டம் போனாலும் போகிறது, இந்தப் பிள்ளைகளின் முகத்தில் எப்படி விழிப்பது?

அப்போது தோமித்திலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியேறினாள். "எல்லாரும் போங்க! இது என் பொறுப்பு. ராத்திரி பன்னெண்டு மணியடிக்கிறதுக்குள்ள இது எரிக்கிற குவியல்ல இருக்கும். போங்கன்னா!"

உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள். எர்லிந்தா பொம்மையின் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, உங்க கால்ல விழறேன்."

"அட, நகரு. கோட்டையும் தொப்பியையும் கழட்டு. ஒரு மூட்டை மரத்தூளுக்கு மாட்டிவிட்டு எரிச்சிடலாம். தீயில யாருக்கு முகம் தெரியப்போகுது?"

"அது என் கல்யாணக் கோட்டு!" என்றான் வில்மர்.

"நீதான் கவுன்ல இருக்கியே, உனக்கெதுக்குக் கோட்டு?" என்று அவன் வாயை அடைத்துவிட்டு, எர்லிந்தா பக்கம் திரும்பினாள். "இத போர்வையில சுத்தி, கொல்லை வழியா என் மாடிக்குக் கொண்டா. ஜனவரி வரைக்கும் அங்க இருக்கட்டும். என் வீட்டுல வந்து தேட எவனுக்குத் தைரியம் வரும்?"

எர்லிந்தாவால் நம்பவே முடியவில்லை. "வேண்டாம்க்கா. எவுசேபியோ ஐயா உடம்பு முடியாதவர். அவருக்குத் தொந்தரவா இருக்குமே?"

தோமித்திலா தாழ்ப்பாளில் கை வைத்தபடி ஜன்னல் வழியே எதிர்மாடியை ஒரு தரம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அவருக்கென்ன தொந்தரவு? ஆனா வரும்போது அந்தப் பசைய மறக்காம எடுத்துட்டு வா. போன மழையில அவருக்கும் மூக்கு ஊறிப்போச்சு."