மூன்று மணி நேரம் ஓட வேண்டிய பம்பு

இரண்டாவது பம்பும் நாற்பதாவது நிமிடத்தில் நின்றது. அதை வடிவமைத்த காந்திமதிநாதன் நாற்காலியில் சரிந்தார். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பம்போடு மல்லுக்கட்ட வேண்டும் என்று எந்த ஜோசியனும் அவருக்குச் சொன்னதில்லை.

டீசல் லாரியின் புகைக்குழாய்க்குள் யூரியாக் கரைசலைப் பீய்ச்சி, புகையின் நச்சைக் குறைக்கும் பம்பு அது. சோதனை மேடையில் மூன்று மணி நேரம் ஓட வேண்டும். ஓடாவிட்டால் வேலை இந்தக் கங்கைகொண்டான் ஆலையை விட்டுப் பூனா ஆலைக்குப் போகும். கூடவே அவரும் போக வேண்டும்.

"என்ன அண்ணாச்சி, பூனாவுல வீடு பாக்கச் சொல்லட்டுமா?" என்றான் மேலாளர் ஜெனிஸ்டன். வயதில் சின்னவன், வாயில் பெரியவன்.

"சும்மா இரும் வே. எம் பொண்டாட்டி பாளையங்கோட்டைய விட்டு நகரமாட்டா."

உள்ளேயிருக்கும் ரப்பர் சவ்வு சரியாக அசையவில்லை. மூன்றாவது பம்பில் மோட்டாரைப் பெரிதாக்கினார். சவ்வு கிழிந்தது. நான்காவதில் சவ்வைத் தடிமனாக்கினார். மோட்டார் புகைந்தது.

"இதுக்கு லாரியே தேவலையே அண்ணாச்சி!"

பட்ட காலிலே படும் என்பார்கள். காந்திமதிநாதனிடம் படாத கால் மிச்சமில்லை.

ஐந்தாவதுதான் கடைசி வாய்ப்பு. சவ்வுக்குப் பின்னால் காற்று அடைபடுகிறதோ என்று பம்பின் முதுகிலுள்ள காற்றுத் துளையை இரு மடங்கு பெரிதாக்கினார். பத்தே நிமிடத்தில் நின்றது. பம்புகளை மேடையில் ஏற்றி இறக்கும் இசக்கிமுருகன் அதைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். பிரித்துப் பார்த்தால் துளை சுத்தமாக இருந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுவாரம் பூனா உத்தரவு வந்தது. மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது இசக்கிமுருகன் கண்கலங்கி வந்து நின்றான்.

"அழாதலே. நாம என்ன குறை வச்சோம்? என் நேரம் சரியில்ல."

"உங்கள நெனச்சாத்தான் சார் கவலையா இருக்கு. இங்கன ஒவ்வொரு பம்பையும் ஏத்தும்போது, பொட்டு உதிராம ஒட்டி நிக்கட்டும்னு முதுகுல உள்ள அந்த ஓட்டைய அடைச்சு, சந்தனப் பொட்டு வச்சுத்தான் ஏத்துவேன். பெரிய ஓட்டைக்குப் பெரிய பொட்டாவே வச்சேன். நின்னதும் கழுவித்தான் உங்க கையில தந்தேன். அதுக்கே ஓடல, பொட்டு வைக்க ஆளில்லாத ஊருல எப்பிடி சார் ஓடும்?"